சத்தம் போடாதீங்க, தம்பி வேலையா இருக்கான்

எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஒரு அறைதான். விதை உருளைக்கிழங்கு போட்டு வைப்பதற்காகக் கட்டியது. போன வருஷம் கோயம்புத்தூரில் இருந்து பெட்டியும் லேப்டாப்புமாக நான் மன்னவனூருக்கு வந்து இறங்கியபோது, அப்பா அந்த அறையை எனக்காக ஒழித்து வைத்திருந்தார். கிழங்கெல்லாம் கூடத்துக் கட்டிலுக்கு அடியிலும் சமையலறை மூலையிலும் சாக்கு விரித்துக் கிடந்தது. வீட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் கிழங்கைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்.

“மேல இருந்தாத்தான் உனக்கு டவர் கெடைக்கும். கீழ ஆளுக வரப் போக இருக்கும், உன் சோலி கெட்டுப் போகும்,” என்றார்.

எனக்கு அப்போது சோலியே கிடையாது. கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். குறைத்தவர்களில் நானும் ஒருவன். ஊருக்கு வருகிறேன் என்று போனில் சொன்னதும் அம்மா கேட்டாள், “வேலைய விட்டுட்டா வர்ற?” அந்தக் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டதும் வாய் தானாகச் சொன்னது: “இல்லம்மா, வீட்ல இருந்தே பாக்கச் சொல்லிட்டாங்க.” சீக்கிரமே வேறு வேலை கிடைத்துவிடும், அப்புறம் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே வராது என்று நினைத்தேன். வந்த முதல் வாரத்தில் சில இடங்களுக்கு விண்ணப்பமும் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்புறம் போடுவதை நிறுத்திவிட்டேன்.

என் லேப்டாப்பில் அந்த விளையாட்டு இருந்தது. கோயம்புத்தூர் அறையைக் காலி செய்வதற்கு முன்னால், அங்கே நல்ல நெட் இருக்கும்போதே டவுன்லோடு செய்துகொண்டு வந்தது.

அதை நான் முதன்முதலில் ஆடியது காலேஜ் இரண்டாம் வருஷத்தில். ஹாஸ்டலில் ஒரே ஒருவனிடம்தான் அதைத் தாங்கும் லேப்டாப் இருந்தது. அதுவும் பாதி ஆட்டத்தில் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். ஒருவன் ஆட, மற்றவர்கள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து கத்துவோம். கதை எளிமையானது. கடல் ஏறி வந்து உலகம் அழிந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒரு நகரத்தில், முன்பு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் தனியாகப் பிழைத்துக் கிடக்கிறாள். வடக்கே மலைக்குள் ஓர் அணை இருக்கிறது, அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடக்கிறாள். அவளுக்குப் பசிக்கும், குளிரும், காயம் சீழ் பிடிக்கும். இடிந்த வீடுகளுக்குள் நுழைந்து டப்பா உணவும் துணியும் தீப்பெட்டியும் தேடியெடுத்து அவளை உயிரோடு வைத்திருப்பதுதான் ஆடுபவனின் வேலை. பரீட்சை வந்து, அந்த லேப்டாப்காரன் ஊருக்குப் போய், நாங்கள் அதை முடிக்கவே இல்லை.

இத்தனை வருஷம் கழித்து அதையே புதுப்பித்து வெளியிட்டிருந்தார்கள். அதே கதை, அதே தெருக்கள். ஆனால் முன்பு களிமண் உருண்டைபோல இருந்த அவள் முகத்தில் இப்போது உதட்டு வெடிப்பு தெரிந்தது. குளிரில் அவள் விடும் மூச்சு புகையாகப் போனது. எந்த வீட்டில் எந்தப் பரணில் டப்பா இருக்கும் என்பதை என் கை மறக்கவில்லை. வேலை போனதில் இருந்து நான் செய்த காரியங்களில், தப்பாகப் போகாத ஒரே காரியம் அதுவாகத்தான் இருந்தது. காலையில் காபி குடித்துவிட்டு மேலே ஏறிக் கதவைச் சாத்தினால், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவளோடு நடப்பேன். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போவேன்.

கீழே அப்பா எனக்காகக் காவல் இருந்தார்.

எங்கள் கேரட் காடு வீட்டை ஒட்டியே இருக்கிறது. களை எடுக்க வரும் பெண்கள் பேசிக்கொண்டேதான் வேலை செய்வார்கள். பேச்சு இருந்தால்தான் குனிந்த முதுகின் வலி தெரியாது. அப்பா வரப்போரமாகப் போய் அவர்களிடம் கெஞ்சும் குரலில் சொல்வது சன்னல் வழியாக எனக்குக் கேட்கும். “சத்தம் போடாதீங்கத்தா, தம்பி வேலையா இருக்கான்.” அவர்களும் குரலை இறக்கிவிடுவார்கள். மருந்து அடிக்கும் மோட்டாரை நான் சாப்பிட இறங்கும் நேரம் பார்த்துத்தான் ஓட்டுவார். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுக் குழாய் கட்ட வந்தவர்களிடம், “அத அந்தப் பக்கமாத் திருப்பிக் கட்டுங்கப்பா, இங்க ஒருத்தன் கம்பெனி வேல பாக்குறான்,” என்று சொல்லித் திருப்பிக் கட்ட வைத்தார். ஊர் முழுக்கப் பாட்டுக் கேட்க, எங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஆளில்லாத மருந்துக்கடை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்தேன்.

கூச்சமாக இல்லையா என்றால், இருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். கூச்சம் அதிகமாக ஆக, அதை மறக்க இன்னும் அதிகமாக ஆடினேன்.

மழைக்காலம் தொடங்கியதும் ஒருநாள் பெருங்காற்று அடித்து, பூம்பாறை போகும் வழியில் மரம் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்துவிட்டது. போன் டவரும் போய்விட்டது. அதற்கு முந்தின நாள்தான் அம்மா என்னை, மூன்று நாள் கழித்து நடக்கவிருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூப்பிட்டிருந்தாள். போக மனமில்லாமல், அன்றைக்கு முக்கியமான மீட்டிங் இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். அப்பா அதை ஞாபகம் வைத்திருந்தார்.

“லைன்மேனைப் போயிக் கையோட கூட்டியாந்துர்றேன். இல்லாட்டி அவுக ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டாக. உனக்கு மீட்டிங்கு கெடக்குல்ல,” என்று கோணிச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

“வேணாம்ப்பா” என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவை. அவர் வளைவில் மறைந்ததும் மாடிக்குப் போனேன். லேப்டாப்பில் பாதி சார்ஜ் இருந்தது. அது தீரும் வரை ஆடினேன். தீர்ந்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

அம்மாவின் கூச்சல் கேட்டுத்தான் எழுந்தேன். அப்பா வாசலில் நின்றிருந்தார். வலது மணிக்கட்டு வீங்கிப் போயிருந்தது. சாய்ந்த மரத்தை ஏறித் தாண்டும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். விழுந்தும் திரும்பி வரவில்லை. அந்தக் கையோடு நடந்துபோய் லைன்மேனைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நாளைக்குக் காலையில வந்துரும்னு சொல்லிருக்காங்க.”

மறுநாள் பாதை சரியானதும் ஜீப் பிடித்துக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு டாக்டர், “சின்ன ஃபிராக்சர்தான் ஐயா, பிளாஸ்டர் போட்டுடலாம். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க,” என்றார்.

அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “இவன் கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு வந்துருக்கான். கொஞ்சம் வெரசாப் பாத்து விட்டீங்கன்னா…”

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சுவரில் தொங்கிய எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குத் திரும்பியபோது கரண்ட் வந்திருந்தது. அப்பாவுக்குக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்த கையோடு நான் செய்த அடுத்த காரியம், மாடிக்கு ஏறி லேப்டாப்பைச் சார்ஜில் போட்டது.

கையில் கட்டோடு அப்பாவால் காட்டுக்குப் போக முடியவில்லை. சும்மா உட்காரத் தெரியாத மனுஷர். ஒருநாள் மெதுவாக மாடிப்படி ஏறி வந்து கதவைத் தள்ளினார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் ஒரு கவிழ்ந்த பஸ்ஸுக்குள் ஒதுங்கியிருந்தாள்.

“இது எந்த ஊரு?” என்று கேட்டார்.

“நெஜ ஊரு இல்லப்பா. உண்டாக்குனது.”

“ஆளுகளயே காணோம்?”

“எல்லாரும் செத்துட்டாங்க. இவ மாதிரி கொஞ்சப் பேருதான் மிச்சம்.”

கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். “இது என்ன சோலி, தம்பி?”

அவர் குரலில் சந்தேகம் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. நான் சொன்னது இது: “இந்தக் கேம் செய்யுற கம்பெனிக்கு டெஸ்டிங் பண்றோம்ப்பா. எங்கெங்க தப்பு வருதுன்னு ஆடிப் பாத்துச் சொல்லணும்.”

அவர் திரைப் பக்கம் குனிந்தார். “அப்ப, இந்தப் புள்ள சாகாமப் பாத்துக்கணும்.”

“ஆமாப்பா.”

“பொறுப்பான சோலிதான்,” என்றார்.

அதிலிருந்து தினமும் மேலே வந்தார். காபி டம்ளரை இடது கையில் பிடித்தபடி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். முதலில் பேசாமல் பார்த்தவர், போகப் போக, “பின்னால வர்றான் பாரு! ஓடச் சொல்லு!” என்று பதறினார். அவள் சாப்பிட்டு முடித்தால் அவருக்கும் நிம்மதி. நான் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பீக்கரில் சத்தம் வைத்தேன். என் ஞாபகத்தில் அப்பா என் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. இதை எழுதும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் என்னைக் குனிய வைக்கிறது.

ஏனென்றால் அவர் விளையாட்டைப் பார்க்க வரவில்லை, எனக்கு வேலையில் உதவி செய்ய வந்தார். “தம்பி, அவ காலு செவுத்துக்குள்ள போயிருச்சு பாரு. இது தப்புத்தான? குறிச்சுக்க.” மழை பெய்யும்போது ஒரு துணி நனையாமல் கிடந்ததைக் கண்டுபிடித்து அப்படிச் சந்தோஷப்பட்டார். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எங்கேயோ அனுப்புவதுபோல விசைகளைத் தட்டுவேன். தட்டி முடிக்கும் வரை மூச்சுவிடாமல் காத்திருப்பார். “அனுப்பிட்டியா?” என்பார். “அனுப்பிட்டேன்ப்பா” என்பேன்.

இதை அவர் டீக்கடையில் சொல்லாமல் இருப்பாரா? உலகம் அழிந்துபோனால் ஒரு ஆள் எப்படிப் பிழைப்பது என்பதைக் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற வேலை என்றும், அதில் சில தப்புகளைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். பேச்சு பூம்பாறை வரை போயிருக்கிறது.

அங்கிருந்து அம்மா வழியில் சொந்தமான ஒரு சித்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் திண்டுக்கல்லில் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சித்தி ஒரு பை நிறையப் பூண்டு கொண்டுவந்திருந்தார்.

“எங்க பாப்பாவுக்கும் உங்க கம்பெனியில ஒரு சோலி சொல்லி விடுங்க தம்பி. வீட்டுல இருந்தே பாக்குறதுன்னா எங்களுக்கும் தோதாப் போகும்.”

அப்பா பெருமையாக, “மேல கூட்டிப் போயிக் காட்டுப்பா, என்ன வேலைன்னு தெரிஞ்சுக்கட்டும்,” என்றார். கால் வலியென்று சித்தி கீழேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா காபி போடப் போனாள்.

அந்தப் பெண் லேப்டாப் திரையைப் பார்த்தாள். ஆட்டம் நிறுத்திய இடத்தில் அப்படியே நின்றிருந்தது. பிறகு கீழே கேட்காத குரலில் கேட்டாள். “அண்ணே, இது ரீமாஸ்டர் பண்ணி ஏற்கெனவே ரிலீஸ் ஆன கேம்தான? என் கிளாஸ் பசங்க இத முடிச்சே வச்சுட்டாங்க. இதுல டெஸ்ட் பண்ண என்ன இருக்கு?”

“வேலை போயிருச்சும்மா,” என்றேன். “வந்ததுல இருந்து இதான் பண்ணிக்கிட்டு இருக்கேன். வீட்டுல தெரியாது.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவளோ எனக்காகக் கூச்சப்பட்டாள். துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு, “நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேண்ணே,” என்றாள். கீழே இறங்கிப் போய் அவள் அம்மாவிடம், “அதுக்கு வேற கோர்ஸ் படிச்சிருக்கணுமாம்மா, எனக்கு ஒத்து வராது,” என்றாள். சித்தியின் முகம் வாடியது. அப்பா ஆறுதல் சொன்னார். “கஷ்டமான வேலதான் தாயி. நானே கூட இருந்து பாக்குறேன்ல.” எங்கள் வீட்டு விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண், பெற்ற தாயிடம் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு, வந்த வழியே பஸ்ஸுக்கு நடந்தாள். பூண்டுப்பையைச் சித்தி திரும்ப எடுத்துப் போகவில்லை.

அடுத்த நாள் வெள்ளனே அப்பா வரப்பில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சொன்னேன். வேலை போனது, விளையாட்டு, டெஸ்டிங் என்று சொன்னது, எல்லாவற்றையும்.

அவர் கேரட் தழையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“நான் காட்டிக் குடுத்தேனே, அந்தத் தப்பெல்லாம்? அதை அனுப்பலயா?”

“அனுப்பலப்பா. அனுப்ப ஆளே கெடையாது.”

“ம்,” என்றார். கட்டுப்போட்ட கையை மற்ற கையால் தாங்கியபடி வீட்டுப் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. நானும் லேப்டாப்பைத் திறக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் படுத்துக் கிடந்தேன். ஒருநாள் களை எடுக்கப் பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவர்கள் பெரிதாகச் சிரித்தார்கள். உடனே அப்பாவின் குரல் கேட்டது. “சத்தம் போடாதீங்கத்தா, தம்பி வேலையா இருக்கான்.”

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் தெரிந்த பிறகு அதைச் சொல்கிறார். ஊரிடம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு வழி தெரியவில்லை. நான் ஆரம்பித்து வைத்த பொய்யை இப்போது அவர் காவல் காத்துக்கொண்டிருந்தார். முன்பு அதே வார்த்தையை எவ்வளவு நம்பிக்கையோடு சொல்வார். அன்று குரல் பாதியில் உள்ளே போனது.

நான் என்ன நினைத்தேனோ, செருப்பை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினேன். ஒரு வயதான அக்கா நிமிர்ந்து பார்த்து, “என்ன தம்பி, இன்னைக்குக் கம்பெனி லீவா?” என்று கேட்டார்.

“கம்பெனியே இல்லக்கா. வேலை போயி மாசக்கணக்காச்சு. இத்தன நாளும் மேல வெளையாடிக்கிட்டுத்தான் இருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாருடைய கண்ணும் அப்பா நின்ற இடத்துக்குப் போனது. அவர் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் கொட்டகைக்குள் போய்விட்டார். உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்திருந்தேன். ஆகவில்லை. அவர்களோடு குனிந்து மத்தியானம் வரை களை எடுத்தேன். எனக்காக மெல்லப் பேசிப் பழகிய பெண்கள் அன்றைக்கு ஒன்றுமே பேசவில்லை.

சாப்பாட்டின்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். “என்ட்ட சொன்ன, சரி. அவுகட்ட எதுக்குச் சொன்ன?”

“உங்கள வேற பொய் சொல்ல வச்சிட்டேனேன்னுதான்ப்பா.”

“அது என் பாடு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டீக்கடைக்குப் போறது? நானும் கூட உக்காந்து தப்பு கண்டுபிடிச்சேன்னு ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கேன்.” அம்மா அவர் தட்டில் ரசத்தை ஊற்றினாள். இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

ரொம்ப நாள் அவர் டீக்கடைப் பக்கம் போகவில்லை. அம்மாதான் வீட்டிலேயே இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தாள். ஊர் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் செய்யவில்லை. நாலு பேர் நாலு நாள் பேசினார்கள். ஒருவர் மட்டும் அப்பாவைப் பார்த்து, “உலகம் அழியப் போகுதா, பொழச்சுக்குமா மாமா?” என்று கேட்டாராம். அப்பா விறுவிறுவென்று நடந்து வந்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

விதைக் கிழங்கையெல்லாம் நானே சுமந்து மேலே கொண்டுபோய்ப் பரப்பினேன். பிறகு கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் புக்கிங் பார்க்கும் வேலை கிடைத்தது. படித்த படிப்புக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை முதல் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புகிறேன். அந்த விளையாட்டை இன்னும் அழிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். கவிழ்ந்த பஸ், மழை, நனையாத துணி எல்லாம் கண்ணில் பட்டதும் மூடிவிட்டேன். இந்தத் தடவையும் அவள் அணைக்குப் போய்ச் சேரவில்லை.

போன மாதம் சீசன் கூட்டம். கவுண்டரில் நாலைந்து குடும்பங்கள் ஒரே நேரத்தில் ரூம் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நடுவில் தற்செயலாக நிமிர்ந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே அப்பா நிற்பது தெரிந்தது. பூண்டு விற்க வந்தவர் போல, கையில் காலிச் சாக்கு. நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. கழுத்தை நீட்டி என் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தார். அங்கிருந்து தெரியவில்லை போல. ஒரு அடி தள்ளி நின்று மறுபடியும் பார்த்தார். நான் நிமிராமல் டைப் செய்துகொண்டே இருந்தேன். திரை அவருக்குத் தெரிகிற மாதிரி, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் குறைந்து நான் வெளியே ஓடி வந்தபோது அவர் இல்லை. மன்னவனூர் பஸ் கிளம்பிப் போயிருந்தது.